தாய்க்கே தாய்மொழி சொல்லிக்கொடுத்த பள்ளிகள்: பெய்ரூட் ஆர்மேனியர்கள் (விவாத இழை)

நூலகத்துப்பூனை | சனி, இரவு 10:40

சில வருடம் முன்பு பெய்ரூட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். குடியிருந்தது ஆற்றைத் தாண்டி பூர்ஜ் ஹம்மூத் பகுதியில். தலைக்கு மேல் மின்கம்பிச் சிக்கல், கீழே வரிசையாக நகைப் பட்டறைகள், கடைப்பலகை எல்லாம் ஆர்மேனிய எழுத்து. பேட்டைகளின் பெயர்கள் நோர் மராஷ், நோர் அதனா, நோர் சிஸ். நோர் என்றால் புது. மராஷ், அதனா, சிஸ் எல்லாம் அவர்கள் துருக்கியில் விட்டு வந்த ஊர்கள்.

வீட்டுக்காரப் பாட்டி மாதம் முதல் தேதி வாடகை வாங்க மாடியேறி வருவார். பணத்தை எண்ணும்போது உதடு அசையும்: பிர், இகி, ஊச், தோர்த். அது துருக்கிய மொழி. எண்ணி முடித்து ரசீது எழுதுவது ஆர்மேனிய எழுத்தில். இறங்கிப் போகும்போது சிலிண்டர்காரனைத் திட்டுவது அரபியில். ஒருநாள் கேட்டே விட்டேன், ஏன் பாட்டி எண்ணுவது மட்டும் துருக்கியில் என்று. "எங்கம்மாவுக்கு வேறு மொழி தெரியாது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவளுக்கு ஆர்மேனியன் சொல்லிக்கொடுத்தேன்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதுவரை புலம்பெயர்ந்தவர்கள் பள்ளி என்றால் வீட்டிலிருக்கும் மொழி போய்விடாமல் காப்பாற்றும் இடம் என்று நினைத்திருந்தேன். இங்கே வீட்டில் காப்பாற்ற ஒன்றுமே இருக்கவில்லை. 1915 இனப்படுகொலையில் உதுமானியத் துருக்கி அரசால் பாலைவனத்துக்கு விரட்டப்பட்டுப் பிழைத்தவர்கள், பிறகு 1921இல் பிரெஞ்சுப் படை துருக்கியின் தெற்கிலுள்ள சிலிசியாவை விட்டுக் கிளம்பியபோது கூடவே கிளம்பியவர்கள், இவர்களில் ஏராளமானோருக்கு வீட்டுப் பேச்சு துருக்கிய மொழிதான். அதனா, மராஷ், ஐந்தாப் பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையாக அப்படி. தங்களை வெட்டியவர்களின் மொழியில்தான் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடினார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு வழி தெரியாத நிலையிலும் கோயிலோடு சேர்த்து ஒரு பள்ளியையும் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகள் புதிதாகக் கற்ற மொழியோடு வீட்டுக்கு வந்து அம்மாவைத் திருத்தினார்கள்.

1930இல் பெய்ரூட்டில் ஜெமரான் என்ற ஆர்மேனியப் பள்ளி தொடங்கியது. பின்னாளில் கொடையாளரின் பெயரில் ந்ஷான் பலாஞ்சியன் ஜெமரான் ஆனது. ஆரம்பித்தவர்கள் யாரென்று பாருங்கள். லெவோன் ஷாந்த், நாடகாசிரியர், ஜெர்மனியில் உளவியலும் கல்வியியலும் படித்தவர், முதல் ஆர்மேனியக் குடியரசின் நாடாளுமன்றத் துணைத்தலைவர். நிகோல் அக்பாலியன், அதே குடியரசின் கல்வியமைச்சர். அந்தக் குடியரசு 1918 மே மாதம் பிறந்து 1920 டிசம்பரில் போய்விட்டது. ஷாந்த் 1951இல் இறந்த பிறகு தலைமையாசிரியர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் சிமோன் வ்ராத்சியன். அந்த நாட்டின் கடைசிப் பிரதமர்! நாடு போனதும் மந்திரிசபை ஆசிரியர் அறைக்குக் குடிவந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொருவர் கர்னிக் பனியன். பெய்ரூட்டுக்கு வடக்கே அந்தூரா என்ற ஊர்க் கல்லூரியை முதல் உலகப்போர்க் காலத்தில் உதுமானியத் தளபதி ஜெமால் பாஷா அநாதை விடுதியாக மாற்றி, ஆர்மேனியப் பிள்ளைகளுக்குத் துருக்கியப் பெயரும் ஒரு எண்ணும் கொடுத்தார். ஆர்மேனியன் பேசினால் அடி. ஆறு வயதுப் பனியனின் எண் 551. அந்தப் பிள்ளை வளர்ந்து ஜெமரானில் ஆசிரியரானார், துணைத் தலைமையாசிரியரும் ஆனார். அந்தூரா எடுத்ததை ஜெமரானில் நின்று திருப்பிக் கொடுத்தார். இந்தப் பள்ளிகளின் கல்விக் கொள்கையை அந்த ஒரு மனிதரின் வாழ்க்கையிலேயே படித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

என் கட்சி இது: அந்தப் பள்ளிகள் மொழியைப் பாடமாக வைக்கத் தொடங்கியவை அல்ல. பிள்ளை உலகத்தையே அந்த மொழியில் படிக்க வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள். அது எவ்வளவு தூரம் பலித்தது? ஆர்மேனியர்களோடு பழகியவர்கள் இங்கே இருப்பீர்கள். சொல்லுங்கள்.

---

கணக்குவாத்தியார் | சனி, இரவு 11:25

பூனை அம்மா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உணர்ச்சி கொஞ்சம் தூக்கல். 34 வருடம் வகுப்பில் நின்றவன் என்ற முறையில் கேட்கிறேன். லெபனான் பிள்ளைக்கு அரபி கட்டாயம். பிரெஞ்சோ ஆங்கிலமோ இல்லாமல் வேலை கிடையாது. அதற்கு மேல் ஆர்மேனியன். மூன்று எழுத்து முறை, அதில் ஒன்று வலமிருந்து இடமாகப் போகும். ஆறு வயதுப் பிள்ளை எந்தப் பக்கம் நோட்டைத் திறக்கும்?

கதை, கவிதை, நாடகம் எல்லாம் சரி. கணக்குப் பாடம் எந்த மொழியில் நடந்தது? அதைச் சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம். பள்ளியின் கொள்கை என்னவென்று எனக்குத் தெரிய வேண்டுமானால் ஆண்டுவிழா மேடையைப் பார்க்க மாட்டேன், கால அட்டவணையைப் பார்ப்பேன்.

---

நூலகத்துப்பூனை | ஞாயிறு, காலை 7:15

சார், குறி பார்த்து அடித்துவிட்டீர்கள். சின்ன வகுப்பில் கணக்கு ஆர்மேனிய மொழியில் சொல்லிக்கொடுத்த பள்ளிகள் உண்டு. மேலே போகப் போக பிரெஞ்சு அல்லது ஆங்கிலம். காரணம் சர்க்கார் பரீட்சை. அப்போது ஒன்பதாவது முடித்ததும் ஒன்று இருந்தது, பள்ளி முடிக்கும்போது பாக்கலோரியா. அதில் கணக்கும் விஞ்ஞானமும் எழுத பிரெஞ்சோ ஆங்கிலமோதான். ஆர்மேனிய மொழிக்கு அந்தப் பரீட்சையில் இடமில்லை. ஷாந்த் போட்ட திட்டம் கண்ணால் பார்க்க முடியாத ஒரு கேள்வித்தாளில் போய் முட்டிக்கொண்டது.

ஆனால் அதே லெபனான்தான் இவர்களுக்கு இடமும் கொடுத்தது. போருக்குப் பிறகு துருக்கியோடு செய்த லொசான் ஒப்பந்தத்தை ஒட்டி 1924இல் குடியுரிமை கிடைத்தது. அரசியல் சட்டத்தின் 10ஆவது பிரிவு ஒவ்வொரு சமயக் குழுவுக்கும் சொந்தமாகப் பள்ளி நடத்தும் உரிமை தருகிறது. மரோனியருக்கு ஒன்று, ஷியாவுக்கு ஒன்று, ட்ரூஸுக்கு ஒன்று. எல்லாரும் தனித்தனிப் பந்தியில் உட்கார்ந்திருந்த ஊரில் வந்தவர்களுக்கும் ஒரு இலை போட்டார்கள். "நீங்கள் ஏன் எங்களோடு சேரவில்லை" என்று கேட்க அங்கே ஒரு பொதுப் பந்தியே இல்லை.

நோட்டுப்புத்தகம் எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டீர்களே, பாட்டியின் பேத்தி அரபி நோட்டையும் ஆர்மேனிய நோட்டையும் ஒன்றாகவே வைத்திருந்தாள். ஒரே நோட்டு. முன்பக்கமிருந்து ஆர்மேனியன், பின்பக்கமிருந்து அரபி. நடுவில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் நட்சத்திரம் வரைந்திருந்தாள்.

---

சைதை_சங்கர் | ஞாயிறு, காலை 9:02

நம்மூர்ச் சங்கதி வராமல் இருக்குமா! சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலம் கட்டியது கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர், 1726. பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் தயவுதான். ஜார்ஜ் டவுனில் ஆர்மேனியன் தெரு நம் வாயில் அரண்மனைக்காரத் தெரு ஆகிவிட்டது. எந்த அரண்மனை என்று சின்ன வயதில் தேடியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உலகத்தின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை வந்தது மெட்ராஸிலிருந்து. 1794, 'அஸ்தரார்', நடத்தியவர் ஹருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். 18 இதழ் வந்தது. அதற்கும் முன்னால், 1772இலேயே ஷாஹமிர் ஷாஹமிரியன் குடும்பத்து அச்சகம் இங்கே ஓடிக்கொண்டிருந்தது. அதன் முதல் வெளியீடுகளில் ஒன்று ஆர்மேனிய இளைஞர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதற்கென்றே எழுதப்பட்ட நூல்.

அப்புறம் முக்கியமான ஒன்று. சாமுவேல் மூரத், எட்வர்ட் ரஃபேல், இருவரும் மெட்ராஸ் வணிகர்கள். இவர்கள் உயிலில் எழுதி வைத்த பணத்தில்தான் மெகிதாரியர் என்ற ஆர்மேனியக் கத்தோலிக்கத் துறவிகள் இத்தாலியில் பள்ளி தொடங்கினார்கள். வெனிஸில் 1836இல். பிற்பாடு இரண்டு பெயரும் சேர்ந்து மூரத்-ரஃபேல் கல்லூரி. துருக்கி முழுவதிலுமிருந்து பையன்கள் அங்கே போய்ப் படித்து எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் திரும்பினார்கள். பருத்தித் துணியும் வட்டிப் பணமும் வெனிஸ் மாளிகையில் ஆர்மேனிய இலக்கணமாக மாறியிருக்கிறது. 1990களின் கடைசியில் மூடிவிட்டார்கள்.

---

புதுசு | ஞாயிறு, காலை 11:48

சின்னக் கேள்வி, திட்டாதீர்கள். 1991லிருந்து ஆர்மேனியா என்று தனி நாடே இருக்கிறதே? பாடப்புத்தகத்தை அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாமே, பெய்ரூட்டில் ஏன் தனியாக அச்சடிக்க வேண்டும்?

---

க்ளெண்டேல்காரி | ஞாயிறு, மதியம் 1:30

புதுசு, யாரும் திட்ட மாட்டோம், இதுதான் சரியான கேள்வி. நான் இருப்பது லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் க்ளெண்டேலில். என் தெருவில் பாதிப் பேர் ஆர்மேனியர்கள்.

ஆர்மேனிய மொழி இரண்டு: கிழக்கு, மேற்கு. ஆர்மேனிய நாட்டிலும் ஈரானிலும் பேசுவது கிழக்கு. பழைய உதுமானிய துருக்கியிலிருந்து சிதறியவர்களுடையது மேற்கு. எழுத்து ஒன்றேதான், மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் 405 வாக்கில் அமைத்த எழுத்து. உச்சரிப்பில்தான் வம்பு. கிழக்கில் 'ப' அழுத்தமாக வரும் இடத்தில் மேற்கில் மெலிந்து வரும், மெலிந்த இடத்தில் மூச்சோடு வரும். க, தவுக்கும் அதே கதை. ஒரே பெயரை ஒருவர் வல்லெழுத்தால் கூப்பிடுவார், இன்னொருவர் மெல்ல அதிர்த்துக் கூப்பிடுவார். இதில் நமக்கு ஒரு வேடிக்கை: தமிழில் பெத்ரோஸ் என்றோ கிரிகோர் என்றோ எழுதிக் கொடுத்தால் இரண்டு பேரும் அவரவர் உச்சரிப்பில் படித்துக்கொண்டு சண்டையில்லாமல் போவார்கள். 'பரேவ்' என்ற வணக்கமும் அப்படித்தான்.

அதற்கு மேல் 1922இல் சோவியத் ஆட்சி எழுத்துச் சீர்திருத்தம் செய்தது. வெளியே இருந்தவர்கள் ஏற்கவில்லை. அதனால் ஆர்மேனியத் தலைநகர் யெரெவானின் பாடநூல் பெய்ரூட் பிள்ளைக்குப் பேச்சிலும் அன்னியம், எழுத்துக்கூட்டலிலும் அன்னியம். பெய்ரூட்டிலேயே அச்சடிக்கும் காரணம் இதுதான்.

இன்னும் கசப்பானது எது என்றால், மேற்கு ஆர்மேனியனுக்குச் சொந்தமாக ஒரு நாடு கிடையாது. நாடு இருப்பது கிழக்குக்கு. யுனெஸ்கோ 2010இல் மேற்கு ஆர்மேனியனை ஆபத்திலுள்ள மொழிகள் பட்டியலில் சேர்த்தது. அதன் சர்க்கார், அதன் பரீட்சை வாரியம், அதன் அகராதிக் குழு எல்லாமே இந்தப் பள்ளிகள்தான்.

எங்கள் ஊர் நிலவரம்: அமெரிக்காவின் முதல் முழுநேர ஆர்மேனியப் பள்ளி 1964இல் என்சினோவில் தொடங்கியது. இன்று க்ளெண்டேல் அரசுப் பள்ளிகளிலேயே இலவசமாக ஆர்மேனிய இருமொழி வகுப்பு நடக்கிறது, ஆனால் அங்கே சொல்லிக்கொடுப்பது கிழக்கு. என் பக்கத்து வீட்டம்மா பெய்ரூட்காரி. மாதாமாதம் பணம் கட்டி ஆர்மேனியப் பள்ளிக்கு அனுப்புவதா, காசில்லாமல் கிடைக்கும் கிழக்கு ஆர்மேனியனுக்கு அனுப்புவதா என்று ஒரு வருடம் யோசித்தாள். "என் பையன் என் பெயரையே வேறு மாதிரி கூப்பிடுவானே" என்றாள். கடைசியில் பணம் கட்டினாள்.

---

கணக்குவாத்தியார் | ஞாயிறு, மதியம் 2:10

நம் எழுத்தில் க ஒன்று, ங ஒன்று, நடுவில் எதுவும் இல்லை என்று எவ்வளவு பேர் குறைப்பட்டிருக்கிறார்கள். அது சமாதானத் தூதுவர் என்று இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

---

பழைய_தோழர் | ஞாயிறு, மாலை 5:55

எல்லாரும் உருகிக்கொண்டிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன். ஜெமரானை நடத்துவது ஹமஸ்காயின் என்ற பண்பாட்டுச் சங்கம், 1928இல் கெய்ரோவில் தொடங்கியது. அதன் பின்னால் இருப்பது தாஷ்னாக் கட்சி. எதிர்க்கட்சியான ராம்காவாருக்கும் ஹுன்சாக்குக்கும் தனிப் பள்ளிகள், தனிச் சங்கங்கள், தனிக் கால்பந்து அணிகள். 1958இல் பெய்ரூட் தெருவில் ஆர்மேனியரை ஆர்மேனியரே சுட்டுக்கொண்டார்கள். பெய்ரூட்டுக்குப் பக்கத்தில் அந்திலியாஸிலுள்ள ஆர்மேனியத் தலைமைக் குருபீடத் தேர்தலில் 1956இல் கோயிலும் பிளந்தது. அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளை படிக்கும் சரித்திரம் யாருடைய சரித்திரம்? முதல் குடியரசின் அமைச்சர்கள் வாத்தியாரானார்கள் என்று பூனை சிலிர்க்கிறார். தோற்ற மந்திரி தன் தோல்விக்குத் தானே பாடம் எழுதினால் எப்படி இருக்கும்?

அந்தப் பக்கம் சோவியத் ஆர்மேனியா என்று ஒரு நாடு இயங்கிக்கொண்டிருந்தது. அங்கே பல்கலைக்கழகம், ஓபரா, அணுவிஞ்ஞானம் எல்லாம் ஆர்மேனிய மொழியில். 'உலகத்தையே அந்த மொழியில் படிப்பது' நடந்தது அங்கே. பெய்ரூட்டில் பாதி ஆசிரியர்கள் அந்த நாட்டை நாடென்றே ஒப்புக்கொள்ளவில்லை.

---

நூலகத்துப்பூனை | ஞாயிறு, இரவு 8:20

தோழரே, மறுக்கவில்லை. கட்சிச் சண்டை நிஜம். பாட்டியே தன் தம்பி மகள் 'எதிர்க்கட்சிப் பள்ளி'யில் படித்தவனைக் கட்டிக்கொண்டதை இன்றைக்கும் குறையாகத்தான் சொல்வார். சரித்திரப் பாடத்தில் நீங்கள் சொல்லும் கோணல் இருந்திருக்கும். ஆனால் யெரெவானில் இயற்பியல் நடந்தது சர்க்கார் சம்பளத்தில், ஒரு கல்வி அமைச்சகத்தின் பலத்தில். பெய்ரூட்டில் தையல்காரரும் செருப்புத் தைப்பவரும் கொடுத்த காசில் சின்ன வகுப்புகளையாவது ஆர்மேனியனில் நடத்தினார்களே, இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா? தவிர அந்த யெரெவான் இயற்பியல் கிழக்கு ஆர்மேனியனில். க்ளெண்டேல்காரி சொன்னது போல, மேற்குக்கு அங்கேயும் வீடு இல்லை.

'ஜெமரான்' என்ற சொல்லுக்கு மூலம் 'ஜெமெல்', அதாவது உலாவுவது. அரிஸ்டாட்டில் நடந்துகொண்டே பாடம் சொன்னதை நினைத்து வைத்த பெயர். அகதி முகாமிலிருந்து ஏழெட்டு வருடத்தில் எழுந்தவர்கள் தங்கள் பள்ளிக்கு வைத்த பெயர் இது. தையல் பள்ளி, தொழிற்பள்ளி என்று வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

---

ஹௌரா_பாலு | திங்கள், காலை 6:50

கல்கத்தாவிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் பேசும் எல்லாப் பள்ளிக்கும் பாட்டி இங்கே இருக்கிறது. ஆர்மேனியன் கல்லூரி, 1821 ஏப்ரல் 2. பெயர்தான் கல்லூரி, நடப்பது பள்ளி. இப்போது இருப்பது ஃப்ரீ ஸ்கூல் தெருவில், இன்றைய மிர்ஸா காலிப் தெரு. ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1811இல் பிறந்தது இந்த இடத்தில்தான் என்பார்கள்.

இதில் விசித்திரம் என்னவென்றால், இங்கே சமூகம் போய்விட்டது, பள்ளி இருக்கிறது! நகரத்து ஆர்மேனியர்கள் கப்பல் கம்பெனியும் நிலக்கரியும் குதிரைப் பந்தயமும் ஓட்டிய காலம் மலையேறி, சுதந்திரத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். பணமும் கட்டிடமும் அறக்கட்டளையும் மிஞ்சின. பிள்ளைகள்? முன்பு ஈரானிலிருந்து, குறிப்பாக இஸ்ஃபஹானுக்குப் பக்கத்துப் புது ஜுல்ஃபாவிலிருந்து வந்தார்கள். இன்று ஆர்மேனியாவிலிருந்தும் ஈரான், ஈராக்கிலிருந்தும் வருகிறார்கள். சாப்பாடும் படிப்பும் இலவசம். 1990களின் இறுதியிலிருந்து நிர்வாகம் ஆர்மேனியாவில் எச்மியாட்சினிலுள்ள ஆர்மேனியத் திருச்சபைத் தலைமைப் பீடத்தின் கையில்.

ஒரு ஜனவரி 6 அன்று அவர்கள் கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்குப் போயிருந்தேன். படா பஜாரில் நசரேத் மாதாகோயில், 1724இல் கட்டியது. வெளியே மூட்டை தூக்குபவர்களும் கைவண்டியும் நெரிக்கிறது, கதவைத் தாண்டினால் சத்தமே இல்லை. கல்லறைக் கற்கள் மேல்தான் நடக்க வேண்டும். பாடியது பள்ளிப் பிள்ளைகள். வழிபாடு முடிந்ததும் ஒரு பையன் வாசல் காவலாளியோடு பெங்காலியில் ரக்பி ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ரக்பி அந்தப் பள்ளியின் பழைய கௌரவம். யெரெவானிலிருந்து வந்த பையன், ஏழு வருடம் ஆகிறதாம். புலம்பெயர்ந்தவர்களுக்காகக் கட்டிய பள்ளி, இப்போது தாய்நாட்டிலிருந்து பிள்ளைகளைப் புலம்பெயர்த்துக் கொண்டுவருகிறது.

---

பழைய_தோழர் | திங்கள், காலை 8:05

பாலு, இதைத்தான் சொல்கிறேன். கட்டிடம் காலியாகக் கூடாது என்பதற்காகப் பிள்ளைகளா?

---

ஹௌரா_பாலு | திங்கள், காலை 8:31

நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பையன் அப்பா இல்லாத வீட்டிலிருந்து வந்தவன். ஆங்கிலம், ஹிந்தி, பெங்காலி, ஆர்மேனியன் நான்கும் பேசுகிறான். அவன் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

---

கப்பல்_முத்து | திங்கள், இரவு 9:44

சைப்ரஸில் கரையிறங்கியிருந்தபோது நிக்கோசியாவில் ஒரு பூட்டிய கேட்டைப் பார்த்தேன். உள்ளே அடர்த்தியாக மரங்கள். டாக்சிக்காரர் சொன்னார், மெல்கோனியன் பள்ளி. பிறகு படித்துத் தெரிந்துகொண்டது: கிரிகோர், கரபெட் மெல்கோனியன் என்ற சகோதரர்கள் எகிப்தில் புகையிலை வியாபாரிகள், சொத்தையெல்லாம் எழுதிக் கொடுத்து 1926இல் திறந்தது. முதலில் சேர்ந்தவர்கள் 1915இன் அநாதைகள். இறந்துபோன சொந்தக்காரர்களை நினைத்து அந்த மரங்களை நட்டவர்கள் அவர்கள்தான். ஹகோப் ஓஷகான் மாதிரி பெரிய எழுத்தாளர் அங்கே வகுப்பெடுத்திருக்கிறார். லெபனான், சிரியா, கிரீஸ், ஈரான், பல்கேரியா என்று பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே விடுதியில். ஒருவருக்கொருவர் பொதுவான பேச்சு ஆர்மேனியன் மட்டும்தான்.

2005இல் மூடிவிட்டார்கள். நடத்திய சங்கம், இனி இது தேவைக்குப் பொருந்தவில்லை என்றது. பழைய மாணவர்கள் வழக்கு, ஊர்வலம் என்று போராடிப் பார்த்தார்கள். சகோதரர்களின் சமாதியும் அந்த வளாகத்திலேயே இருக்கிறதாம்.

---

மதுரை_மீனாள் | செவ்வாய், காலை 10:12

இதையெல்லாம் படித்தால் நம் ஆட்கள் கனடாவிலும் லண்டனிலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துவதுதான் ஞாபகம் வருகிறது. நாம் ஏன் இப்படி முழுநேரப் பள்ளி...

---

நூலகத்துப்பூனை | செவ்வாய், காலை 10:40

மீனாக்கா, அதற்குத் தனி இழை தொடங்குங்கள், முதல் ஆளாக வருகிறேன். இங்கே இழுத்தால் ஆர்மேனியர்கள் காணாமல் போய் நாம் மட்டும்தான் மிஞ்சுவோம்.

முத்து சொன்ன விடுதி விஷயத்தைத் தொட்டு ஒன்று. எங்கள் தெருமுனையில் இருந்த பள்ளியில் இடைவேளை மணியடித்தால் என் ஜன்னலுக்குக் கேட்கும். வகுப்பில் ஆர்மேனியன், மணியடித்த அடுத்த நொடி அரபி. பந்து யாரிடம் என்று அரபியில்தான் கத்துவார்கள். டீச்சர் ஒருவர் "ஹயெரேன் கோஸே, ஹயெரேன் கோஸே", ஆர்மேனியன் பேசு, ஆர்மேனியன் பேசு என்று சொல்லிக்கொண்டே மைதானத்தைச் சுற்றி வருவார். அவர் போகும் பக்கம் மொழி மாறும், கடந்து போனதும் பழையபடி. மெல்கோனியன் விடுதியில் அந்த டீச்சருக்கு வேலையே இருந்திருக்காது. சிரியாப் பையனும் பல்கேரியாப் பையனும் பந்து கேட்க வேறு மொழி ஏது?

பாட்டியின் பேத்திக்கு அப்போது ஆறு வயது. கதவைத் திறந்துவிட்டதற்கு நான் "மெர்சி" என்றேன். பெய்ரூட்டில் எல்லாரும் அப்படித்தான், ஆர்மேனியர்களும்தான். அவள் இடுப்பில் கைவைத்து "ஷ்னோர்ஹகலுத்யூன்" என்றாள். அன்றைக்கு வகுப்பில் அதுதான் பாடமாம். நான் மூன்று தடவை தப்பாகச் சொல்லி நான்காவதில் தேறினேன். ஒரு வாரம் கழித்து அவளே என்னிடம் "மெர்சி" என்று ஓடிப்போனாள்.

---

க்ளெண்டேல்காரி | செவ்வாய், இரவு 9:15

இடைவேளைதான் நிஜமான பரீட்சை, பூனை. இதை உணர்ந்து இப்போது சிலர் வேறு மாதிரி முயற்சி செய்கிறார்கள். குல்பென்கியான் அறக்கட்டளையின் உதவியோடு ஃபிரான்ஸில் ஸர்மனஸான் என்று கோடைக்கால முகாம் நடக்கிறது. பல நாட்டிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். இலக்கணம் கிடையாது. நாடகம் போடுவது, கதை கட்டுவது, விளையாடுவது, எல்லாம் மேற்கு ஆர்மேனியனில். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வருடம் போய்வந்தான். அதுவரை அவனுக்கு ஆர்மேனியன் என்றால் அழுகையும் 1915 படுகொலையின் நினைவு நாளான ஏப்ரல் 24உம்தான். திரும்பி வந்ததும் அம்மாவிடம் ஆர்மேனிய மொழியில் கெட்ட வார்த்தை என்னென்ன என்று கேட்டிருக்கிறான். அவள் திட்டவா சிரிக்கவா என்று தெரியாமல் என்னிடம் வந்து சொன்னாள்.

ஷாந்த் நாடகாசிரியர் என்பது தற்செயல் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

---

புதுசு | புதன், காலை 7:30

பூனை அக்கா, 2019க்கு அப்புறம் அந்தப் பள்ளிகள் என்ன ஆயின? லெபனான் பணம் சரிந்துவிட்டதே?

---

நூலகத்துப்பூனை | புதன், காலை 8:50

ரொம்பக் கஷ்டம். டாலருக்கு 1,500 லிரா என்று இருந்தது பல பத்தாயிரமாகப் போனது. ஆசிரியர் சம்பளம் பெட்ரோலுக்கே காணவில்லை. 2020 ஆகஸ்ட் 4 துறைமுக வெடிப்பில் பூர்ஜ் ஹம்மூத் பள்ளிகளின் கண்ணாடியெல்லாம் தெருவில் கிடந்தது. 1975இல் தொடங்கிய உள்நாட்டுப் போருக்கு முன்பிருந்த ஆர்மேனியப் பள்ளிகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே இல்லை. சில பள்ளிகளை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டார்கள். கட்சிக்காரர்கள் சேர்ந்து உட்காராத இடத்தில் பணமில்லாமை சேர்த்து உட்கார வைத்திருக்கிறது, தோழர் கவனிக்கவும்.

வீட்டுக்காரப் பாட்டியின் பேத்தி கனடாவின் மாண்ட்ரியாலுக்குப் போய்விட்டாள். அங்கேயும் ஆர்மேனியப் பள்ளியில்தான்.

---

கணக்குவாத்தியார் | புதன், இரவு 7:05

பூனை அம்மா, முதல் நாள் நான் கேட்ட கேள்விக்குப் பாதி பதில்தான் வந்தது. பாட்டி பணத்தை எண்ணுவது துருக்கிய மொழியில் என்றீர்கள். மனிதன் எந்த மொழியில் எண்ணுகிறானோ அதில்தான் வாழ்கிறான் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் எண்ணுகிற மொழி கடைசியாகத்தான் மாறும், அது எனக்குத் தெரியும். வகுப்பில் ஆங்கிலத்தில் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, கடையில் சில்லறையை நான் தமிழில்தான் எண்ணுவேன். அந்தப் பேத்தி எதில் எண்ணுகிறாள்? தெரிந்தால் சொல்லுங்கள்.

---

நூலகத்துப்பூனை | வியாழன், இரவு 10:20

சார், உங்களுக்காகப் பாட்டிக்கு வாட்ஸாப்பில் கூப்பிட்டேன். பாட்டி மாண்ட்ரியாலையும் சேர்த்துவிட்டார், மூன்று பேரும் பேசினோம். கேள்வியைக் கேட்டதும் பேத்தி வெட்கப்பட்டுச் சிரித்தாள். பக்கத்தில் கிடந்த நாணயத்தையெல்லாம் எடுத்து வைத்து, "பார்க்காத மாதிரி இருங்கள், அப்போதுதான் சரியாக வரும்" என்றாள்.

மெக், யெர்கு, யெரெக் என்று ஆரம்பித்தாள். பத்து வரை ஆர்மேனியன். பதினொன்றில் பிரெஞ்சுக்குத் தாவிவிட்டாள். தாவியது அவளுக்கே தெரியவில்லை, பாட்டிதான் "ஹா!" என்று பிடித்தார்.

பிறகு அவள் பாட்டியை எண்ணச் சொன்னாள். பாட்டி வேண்டுமென்றே ஆர்மேனியனில் ஆரம்பித்து, ஏழுக்கு வந்ததும் தடுமாறி, துருக்கிய மொழியில் முடித்தார்.

---

கணக்குவாத்தியார் | வியாழன், இரவு 10:31

ஏழிலிருந்து பத்து. மூன்று எண் கூடியிருக்கிறது.